பூங்கொடி அக்காவும் சனிக்கிழமை பஸ்ஸும்

அந்தச் சனிக்கிழமை காலை நானும் கவினும் எங்கள் தோட்டத்து விலக்கில் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு முன்னால் அங்கே பூங்கொடி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

கையில் ஒயர் கூடை. கூடைக்குள் தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மூடி இறுக்கிய பெரிய தூக்குப்போசி. சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவரைப்போலத் தலை நிறைய முல்லைப்பூ. அதன் வாசனை புளிய மரத்தடியில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

பூங்கொடி அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அடுப்புதான் இரண்டு. வாசல் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, நாயும் ஒன்றுதான். ஆனால் அந்தக் காலைக்கு முன் இரண்டு வருஷத்துக்கும் மேலாக நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர் ரோட்டைப் பார்த்தார். நான் எதிரே இருந்த மரவள்ளிக்கிழங்குக் காட்டைப் பார்த்தேன். ஐந்து வயதுக் கவின் மட்டும் நேராகப் போய் அந்தக் கூடையின் ஒயர்ப் பின்னலை ஒற்றை விரலால் தடவ ஆரம்பித்தான். அக்கா கூடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

பஸ் வந்தது. ஏறியதும் அக்கா மூன்று பேர் உட்காரும் ஸீட்டைப் பிடித்து, ஜன்னல் கம்பியைத் துண்டால் துடைத்தார். கவின் ஜன்னலோரம், நான் நடுவில், அக்கா ஓரத்தில்.

“எங்கீங்க?” என்று கண்டக்டர் வந்தார்.

“சேலம் ரெண்டரை” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கண்டக்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மொத்தமா ரெண்டரைங்களா, ஆளுக்கு ரெண்டரைங்களா?”

இரண்டு பேருமே பணத்தை நீட்டினோம். யார் நீட்டிய பணத்தை அவர் வாங்கினார் என்பது இப்போது நினைவில்லை.

ஒரே ஒரு பேச்சு

நாங்கள் எப்போதும் அப்படி இருந்தவர்கள் இல்லை.

என் பிறந்த ஊர் மேட்டூர். அனல் மின் நிலைய ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து ஷெட்டில் என் மூத்தார், அதாவது பூங்கொடி அக்கா கணவருடைய விசைத்தறிகள் பகலெல்லாம் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது. என்னை மொபெட்டில் ஏற்றி, கிழங்குக் காட்டு வரப்பு வழியே ஓட்டக் கற்றுக்கொடுத்தது பூங்கொடி அக்காதான். “புடிச்சுக்கிட்டுத்தான் வாரேன், ஓட்டு கண்ணு” என்று பின்னால் கத்திக்கொண்டே வருவார். திரும்பிப் பார்த்தால் எங்கேயோ நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

பேச்சு என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். தறி நின்றாலும் அக்கா வாய் நிற்காது என்று என் கணவர் செந்தில் கேலி செய்வார்.

கவின் பிறந்தான். ‘தண்ணி’, ‘காக்கா’ என்று இரண்டு மூன்று வார்த்தைகள் சொன்னான். பிறகு அவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். தறி ஷெட்டின் வெளிச்சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்த அதிர்விலேயே வெகுநேரம் நிற்பான். யார் யாரோ சொன்னார்கள் என்று நாக்கில் வசம்பு தடவினோம். கோயில் கோயிலாகப் போனோம். கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். “இது யாரும் செஞ்சதால வந்ததில்லம்மா. அவன் மூளை வளர்ற விதமே அப்படி” என்றும் சொன்னார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பரமத்தி பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் நான் கவினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் யாரோ, “செந்தில் பையன் இன்னும் பேசறதில்லையாமா?” என்று கேட்டார்கள். பூங்கொடி அக்காவின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

“சோறூட்டறப்ப எல்லாம் போனைக் குடுத்துக் குடுத்துப் பழக்கிப்போட்டா. அதுலதான் பையனுக்குப் பேச்சு நின்னுபோச்சு.”

இலையில் பாயசம் ஊற்றினார்கள். அது அப்பளத்தில் ஊறி, அப்பளம் நொறுங்கிக் கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு தூங்காத ஒவ்வொரு வேளையும் என்னையே நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவர் பந்தியில் வைத்துப் பதிலாகவே சொல்லிவிட்டார். அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் வலிய வந்து கேட்கவில்லை.

இரண்டாவது ஆள்

சேலத்தில், கவினைப் போன்ற குழந்தைகளுக்கான அந்தப் பயிற்சி மையம் ஒரு சாதாரண வீட்டில் இருந்தது. வாசலில் கொய்யா மரம். உள்ளே பாய், பொம்மைகள், சுவரோரம் ஓர் ஊஞ்சல். முதல்முறை போனபோது, குழந்தையை விட்டுவிட்டு வெளியே உட்காரலாம் என்று நினைத்து, நான் படிப்பதற்கு ஒரு வாரப் பத்திரிகையும் கொண்டுபோயிருந்தேன்.

சங்கீதா டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பெண். துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு எப்போதும் தரையிலேயே உட்கார்ந்திருப்பவர்.

“கவின் எங்கிட்ட வாரத்துல கொஞ்ச நேரந்தான் இருப்பான். மிச்ச நேரம் பூரா உங்க வீட்டுலதான இருக்கான்? அதனால பாடம் அவனுக்கு இல்லைங்க, உங்களுக்குத்தான்” என்றார். “அப்புறம், நீங்க மட்டும் வந்தாப் பத்தாது. வீட்டுலருந்து இன்னொரு பெரியவங்களும் வரணும். உங்ககிட்ட மட்டும் பழகினா, கத்துக்கறது உங்ககிட்ட மட்டுந்தான் வரும்.”

இடம் கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. இரண்டு பேர் வர முடிகிறவர்களைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்றும் தயக்கத்தோடு சொன்னார்.

செந்தில் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர். போர்வெல் போட வடக்கே சத்தீஸ்கர் பக்கம் போனால், மழைக்கு வண்டி திரும்பும்போதுதான் வீடு. மேட்டூரில் என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. போனில் செந்திலிடம், “ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போறதுங்க?” என்று அழுதேன். பின்னால் ரிக்கின் இரைச்சல். அவர் “பாக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

பார்த்தது, அண்ணிக்குப் போன் போட்டதுதான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று தெரியும். அக்காவிடம் அவர் என்ன பேசினார், அக்கா என்ன பதில் சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை தூக்குப்போசியோடு நிறுத்தத்தில் நின்றார். அவ்வளவுதான்.

‘ங்க’ இல்லாமல்

எங்கள் சண்டை டீச்சருக்குத் தெரியாது. எங்களை எதிரெதிரே பாயில் உட்காரவைத்தார். நடுவில் ஒரு கம்பம், அதில் கோக்க வண்ண வளையங்கள்.

“கேட்டு வாங்கறதுன்னா என்னன்னு அவன் பாக்கணும். அம்மா, நீங்க கைய நீட்டிக் கேளுங்க. பெரியம்மா, நீங்க குடுங்க.”

நான் கையை நீட்டினேன். “குடுங்க...” என்றேன், வளையத்தைப் பார்த்தபடி.

“‘ங்க’ வேண்டாம்மா. அவனால சொல்ல முடியற அளவுக்குச் சின்னதா இருக்கணும். ‘குடு.’ அவ்வளவுதான்.”

இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் என் சங்கடம் புரியும். எங்கள் பக்கம் பால்காரருக்கும் ‘ங்க’, பஸ்ஸுக்குள் இடிக்கிறவருக்கும் ‘ங்க’. மூத்த ஓரகத்தியைப் பார்த்து, அதுவும் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தியைப் பார்த்து, ‘குடு’ என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டியபடியே இருந்தேன்.

“பரவால்ல. சொல்லு” என்றார் பூங்கொடி அக்கா.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

“குடு” என்றேன்.

“இந்தா” என்று மஞ்சள் வளையத்தை என் கையில் வைத்தார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.

அடுத்து அவர் கேட்க, நான் கொடுக்க வேண்டும். குடு, இந்தா. குடு, இந்தா. கவின் ஊஞ்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்க்காமல் ஆடினான். ஆனால் வளையம் கம்பத்தில் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆட்டம் கொஞ்சம் மெதுவானது. அதை முதலில் கவனித்தது அக்காதான். டீச்சருக்குக் கண்ணால் காட்டினார்.

பயிற்சியில் அக்காவுக்கு வந்த பெரிய சோதனை வேறு. “அவன் ஏதாவது செய்யற வரைக்கும் நாம பேசாமக் காத்திருக்கணும்” என்றார் டீச்சர். அக்கா என்றால் பேச்சு. காத்திருக்கும்போது முந்தானையை உருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். கண் மட்டும் பிதுங்கும். ஒரு நாள் டீச்சரே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அக்கா என் சிரிப்பைப் பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய பின்னும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டையாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால்

போகப் போகச் சனிக்கிழமைகள் பழகிவிட்டன. தூக்குப்போசியில் எலுமிச்சை சாதம், திரும்பும்போது ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு. கவின் முறுக்கை உடனே தின்னமாட்டான். அதன் சுற்றுகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே வருவான். ஆனால் எங்களுக்குள் பேச்சு பயிற்சியோடு சரி. பஸ்ஸில் இருவரும் ஜன்னலைத்தான் பார்த்தோம்.

ஒரு சனிக்கிழமை ரோடு வேலை. பஸ்ஸை வேறு வழியாகத் திருப்பினார்கள். ஜன்னலில் வாராவாரம் வரும் மில் சுவர் வரவில்லை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைப் புகைபோக்கி வரவில்லை. கூட்டம் நெருக்கியது. காதுக்குமேலே ஸ்பீக்கரில் பாட்டு. கவின் முதலில் முனகினான். பிறகு அலறினான். ஸீட்டிலிருந்து வழுக்கிக் காலடியில் விழுந்து, தலையில் தானே அடித்துக்கொண்டான். என் வளையல் உடைந்தது. நான் அவன் தலைக்கும் இரும்புக்கும் நடுவே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முன் ஸீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பினார். நல்ல குடும்பத்து முகம். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

“போனைக் குடுத்தே புள்ளைகளக் கெடுத்துப்போடறாங்க இந்தக் காலத்துப் பொண்ணுங்க.”

பூங்கொடி அக்கா எழுந்து நின்றார். ஓடுகிற பஸ்ஸில், மேல் கம்பியைப் பிடிக்காமல்.

“ஏனுங்க, இது போன்ல வாரதில்லீங்க” என்றார். முழு பஸ்ஸும் திரும்பியது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. “அவன் பொறப்பே அப்பிடிங்க. டாக்டரே சொல்லிப்போட்டாருங்க. இவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. இவ மாதிரி ஒரு புள்ளையப் பாத்துக்க என்னால ஆகாதுங்க.”

அந்த அம்மா முகம் சுருங்கி, “நான் தெரியாமச் சொல்லீட்டனுங்க” என்றார்.

அக்காவின் குரல் இறங்கியது. “நானும் தெரியாமத்தானுங்க சொன்னேன். சொல்லிப்போட்டு ரெண்டு வருசமா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.”

என்னை அவர் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் விசில் அடிக்கச் சொல்லி, அடுத்த வேப்ப மரத்தடியில் எங்களை இறக்கினார்.

நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். பேசக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் வரும் முன்பே, அக்கா துண்டை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். லாரிகள் போயின. அவர் கையை இறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

அலறல் விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. கவின் அக்காவின் சேலை நுனியை எடுத்துத் தன் முகத்தின்மேல் போட்டுக்கொண்டான்.

“தண்ணி குடி கோமதி” என்று பாட்டிலை என்னிடம் நீட்டினார் அக்கா. உடைந்த வளையல் என் மணிக்கட்டைக் கீறியிருந்தது. தன் முந்தானையாலேயே அதைத் துடைத்தார். மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கேட்க வேண்டியது ஒரு பஸ் நிறைய ஜனங்களுக்கு முன்னால் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

நடுவில் ஒரு பதில்

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் போன வாரம் சங்ககிரி மளிகைக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, “இப்ப பையனுக்குச் செரியாயிருச்சுங்களா?” என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

சரியாவதற்கு அது காய்ச்சல் இல்லைங்க. கவினுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகிறான். சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுகிறான். கூட்டமும் ஸ்பீக்கரும் இன்றும் ஆகாது. தறியின் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று அவன் பெரியப்பாவுக்கு முன்பே சொல்லிவிடுகிறான். மாறியதில் பாதி அவன் என்றால், மீதிப் பாதி நாங்கள்.

தோசைக்கல்

அந்த மரத்தடிக்குப் பிறகு நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஆனால் கவினைப் பற்றி மட்டும். தூங்கினானா, சாப்பிட்டானா, டீச்சர் என்ன சொன்னார் என்பதோடு நின்றுவிடும். அவருடைய சமையலறைப் படியை நான் மிதிக்கவில்லை. கோபம் என்று இல்லை. இத்தனை நாள் மிதிக்காத படியை எந்தச் சாக்கில் மிதிப்பது என்று தெரியவில்லை.

கவினுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. காலையில் அக்கா தோசைக்கல்லை வைக்கும் வாசனை வந்ததும் தட்டோடு அங்கே போய் நிற்பான். அக்காவின் கையைப் பிடித்துத் தோசைமேல் வைப்பான். அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருப்பார். ஒன்றும் வராது. பிறகு அவனுக்காகத் தானே ‘குடு’ என்று சொல்லித் தட்டில் வைப்பார். தினமும் இப்படித்தான். மாதங்கள் போயின.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. கரண்ட் இல்லை, தறிகள் ஓடவில்லை. வாசலெல்லாம் ஈரமண் வாசனை. நான் துணி துவைக்கும் கல்லில் இருந்தேன். அத்தனை அமைதியில் பூங்கொடி அக்கா ஓடி வரும் காலடிச் சத்தம் தனியாகக் கேட்டது. கையில் கரண்டி. கரண்டியிலிருந்து மாவு வாசல் முழுக்கச் சொட்டியது.

“கோமதி... குடுன்னான்.”

“என்னங்க்கா?”

“தட்ட நீட்டி, ‘குடு’ன்னான் கண்ணு. வாயத் தொறந்து சொன்னான். நான் கத்தல, ஆரவாரம் பண்ணல. டீச்சர் சொன்னாப்பல பேசாம ஒண்ணு வெச்சுப்போட்டு வந்துட்டேன்.”

அவர் அழுதார். அழுகைக்கு நடுவே முகம் மாறியது. எதையோ என்னிடமிருந்து எடுத்துவிட்டவரைப்போல நின்றார். “உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லியிருக்கோணும். எங்கிட்டச் சொல்லிப்போட்டானே” என்றார்.

பொய் சொல்லமாட்டேன். என் நெஞ்சில் ஓர் ஊசி குத்தத்தான் செய்தது. இத்தனை வருஷம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வார்த்தை வந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் அந்த ஊசி, மாவுக் கையோடு மன்னிப்புக் கேட்பதுபோல நின்ற அந்த முகத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? என்னிடம் மட்டும் வந்தால் போதாது என்பதற்காகத்தானே இரண்டாவது ஆள்?

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கவின் அடுப்புக்கு எதிரே சம்மணமிட்டுத் தோசையின் மொறுமொறு ஓரத்தைச் சுற்றிலும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஒண்ணு ஊத்துங்க்கா.”

அக்கா ஒரு கணம் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு கல்லில் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்றது.

“வெங்காயச் சட்னிதான் இருக்குது. காரம் கொஞ்சம் தூக்கல். உனக்கு ஆகுமா?”

“ஆகுங்க்கா.”

“மேட்டூர்ல உங்க அம்மாக்கு முட்டி எப்பிடி இருக்குது? கேக்கோணும் கேக்கோணும்னே இருந்தேன். நம்ம பொண்ணு வித்யா ஆஸ்டல்ல சோறு நல்லால்லன்னு அழுவறா. அப்பறம் அந்தப் பரமத்திக் கல்யாணத்துப் பொண்ணு இருக்கறாளே, அவளுக்கு ரெட்டைப் புள்ளையாமா...”

அவர் தோசை ஊற்றிக்கொண்டே பேசினார். நான் தின்றுகொண்டே பேசினேன். ஒருவர் முடிக்கும் முன் ஒருவர் ஆரம்பித்தோம். எதற்கோ இருவரும் சத்தமாகச் சிரித்தோம்.

கவின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

நாங்கள் நிறுத்தவில்லை.